தரை இறங்குதுங்க, என்ன பண்ணலாம்?

போன இதழில் கூரை ஒழுகலைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களோ கூரையை விட்டுவிட்டுக் காலடிக்கு வந்துவிட்டன. நம் நீலகிரியில் அரவேணு, ஜக்கனாரை, கட்டபெட்டு, குன்னூர் என்று எங்கிருந்து எழுதினாலும் ஒரே புகார். ஆகவே இந்த மாதம் முழுக்கத் தரைதான்.

ஹாலில் நடந்தால் அலமாரிக்குள் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. தாத்தா காலத்து மரத்தரை. பயப்பட வேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, அரவேணு)

பயம் வேண்டாம் டீச்சர், அளவு வேண்டும். எதிரெதிர்ச் சுவரோரம் ஒரே உயரத்தில் இரண்டு கட்டை வைத்து, நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஸ்கேலை நிறுத்தி, கட்டை உயரத்தைக் கழித்தால் தொய்வு தெரிந்துவிடும். நீளத்தில் 360-ல் ஒரு பங்கு வரை தொய்யலாம் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 12 அடி அறைக்கு அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் டம்ளர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். 25 மில்லிமீட்டர் என்றால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நடுவில் மட்டும் பள்ளமா, சுவரோரமே இறங்கியிருக்கிறதா? நடுவில் என்றால் சட்டம் மெலிசு, அல்லது வயதாகி வளைந்திருக்கிறது, காத்திருக்கலாம். சுவரோரம் என்றால் சட்டத்தின் நுனி கல்லுக்குள் உளுத்துக்கொண்டிருக்கிறது. அது காத்திருக்காது.

கீழே இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை, மேலே பலகையை மாற்றினால் போதும் என்கிறார் ஆசாரி. நம்பலாமா?
(வாசகர், ஜக்கனாரை)

நம்பாதீர்கள். எங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தாயிற்று. படுக்கையறை ஓரம் அமுங்கியது. மேலே நான்கு புதுப் பலகை அடித்தார்கள். ஒரு மழைக்காலம் போனது. புதுப் பலகையும் கறுத்துவிட்டது.

அடுத்த தை மாதம் மூன்று பலகையைப் பெயர்த்து, டார்ச் எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். முதலில் வந்தது வாசனை. காளான் பறித்த கூடைக்குள் மூக்கை வைத்தது போல இருந்தது. வெளிச்சம் அடித்தால் அறையின் நடுவில் சட்டங்கள் சிவப்பாக, தட்டினால் டங்கென்று கெட்டியாக இருக்கின்றன. சுவரை நெருங்க நெருங்கக் கறுப்பு. வடக்குச் சுவரில், சட்டம் கல்லுக்குள் நுழையும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கடைசி ஒரு சாண் மரம் சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்துவிட்டது.

அந்த இடத்துக்கு நேர் வெளியே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தோம். அம்மாவின் பூப்பாத்தி. வருஷா வருஷம் மண்ணும் எருவும் போட்டுப் போட்டு, பேஸ்மெண்டில் இருந்த இரண்டு காற்றுத்துளைகளும் மண்ணுக்குள் போயிருந்தன. அவற்றை வைத்த கொத்தனார் விவரமானவர். மூடிய நாங்கள்தான் அவை எதற்கென்று கேட்கவில்லை.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சை அதைத் தின்னாது. கணக்கு இவ்வளவுதான். காற்று ஓடினால் மரம் காயும், காய்ந்தால் நூறு வருஷம் நிற்கும். அம்மாவுக்கு மனசே இல்லை. செடிகளை வேரோடு எடுத்துக் கீழ்ப்படியில் நட்டோம். துளைக்கு அரை அடி கீழே மண் நிற்கும்படி வெட்டினோம். இரண்டு மாதம் தரையைத் திறந்தே காயவிட்டோம். அதற்கப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டோம்.

உங்கள் ஆசாரியிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: "கீழே பாத்துட்டு அப்பறம் விலை சொல்லுங்கண்ணா." பார்க்காமல் விலை சொல்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

தரைக்குக் கீழே காற்று வேண்டும் என்கிறீர்கள். இங்கே சாயங்காலமானால் கரடி வருகிறது. துளையைத் திறந்து வைத்தால்?
(வாசகி, அரவேணு)

துளை ஒன்பது அங்குலத்துக்கு நாலு அங்குலம்தான் அம்மா. கரடியின் முன்னங்கால் கூட முழுசாக நுழையாது. எலிக்கும் பாம்புக்கும் உள்ளே துருப்பிடிக்காத கம்பி வலை, வெளியே இரும்புக் கிரில். 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி காற்றுவழி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மேலே சொன்ன அளவில் நான்கு துளை. நான்கையும் ஒரே சுவரில் வைக்காதீர்கள். எதிர்ச்சுவரில் இரண்டு இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும்.

கரடி தேடி வருவது எண்ணெய் வாசனையையும் சாப்பாட்டு மிச்சத்தையும். அவற்றைத் தரைக்குக் கீழே வைக்காதீர்கள், அது போதும்.

சட்டத்தின் நுனி மட்டும் உளுத்திருக்கிறது. முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டுமா?
(வாசகர், கட்டபெட்டு)

வேண்டியதில்லை. ஆணியால் குத்திக்கொண்டே வாருங்கள். ஆணி நுழைய மறுக்கிற இடத்திலிருந்து இன்னும் ஓர் அடி நல்ல மரம் தள்ளி அறுங்கள். அதே உயரத்தில் புதுச் சட்டம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி வைத்து, நல்ல மரத்தோடு மூன்று நான்கு அடி தூரம் போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆணி மட்டும் அடித்தால் நாளடைவில் தளரும். கல்லுக்குள் போகிற நுனிக்கு மருந்து பூசி, அடியில் கனமான பாலிதீன் ஷீட் ஒரு துண்டு வைத்து, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். கலவை வைத்து அப்பிவிட்டால் பழைய கதை மறுபடி தொடங்கும்.

நடுத்தொய்வுக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது. கீழே இடம் இருந்தால், அறையின் நடுவில் ஒரு சிறு கல்தூண் கட்டி, குறுக்கே ஒரு உத்திரம் கொடுங்கள். சட்டத்தின் தாங்குதூரம் பாதியானால் தொய்வு பாதியாகக் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சட்டத்தின் உயரத்துக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. நாலு அங்குலத்தை ஐந்து அங்குலமாக்கினால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அகலத்தில் ஓர் அங்குலம் கூட்டினால் அவ்வளவு பலன் கிடைக்காது. மரத்துக்குக் காசு கொடுக்கும்போது உயரத்துக்குக் கொடுங்கள்.

கார் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஒரே நாளில் தரை மட்டத்துக்கு வந்துவிடுமா?
(கல்லூரி மாணவர், கோத்தகிரி)

வந்துவிடும் தம்பி. கூடவே சுவர்ப்பூச்சு வெடிக்கும், கதவு மாட்டிக்கொள்ளும், ஜன்னல் கண்ணாடி விரியும். நாற்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தரையை ஒரு மதியத்தில் ஏற்றக்கூடாது. கார் ஜாக்கி வேண்டாம். திருகு ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். அடியில் அகலமான கெட்டிப் பலகை, இல்லாவிட்டால் ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர். தூக்கிய இடத்தில் உடனே முட்டுக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தனியாக இந்த வேலையைத் தொடவே தொடாதே.

முழு மட்டத்துக்கு வரவில்லையென்றால் விட்டுவிடு. வளைந்தே பழகிய மரத்தை நிமிர்த்தினால் வெடிக்கும்.

மரத்தரை கறகறவென்று இருக்கிறது. அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
(வாசகி, குன்னூர்)

வேண்டவே வேண்டாம். 12-க்கு 12 அறையில் இரண்டு அங்குலக் கலவையும் அதன் மேல் டைல்ஸும் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். ஒரு பிக்கப் வண்டி நிறையத் தேயிலைக் கொழுந்தைக் கொண்டுவந்து ஹாலில் கொட்டி, வருஷக்கணக்கில் அள்ளாமல் விட்டதற்குச் சமம். அது மட்டுமா? அடியிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகைக்குள்ளேயே தங்கும். மேலே பளபளப்பு, கீழே உளுப்பு. தரை போகும் நாளில் சொல்லிவிட்டுப் போகாது.

எங்கள் தோட்டத்திலேயே சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. வெட்டிச் சட்டம் போட்டுக்கொள்ளலாமா?
(சிறு தேயிலை விவசாயி, அரவேணு)

முதலில் சட்டம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கென்று 1955-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்கள் நிலம், உங்கள் மரம் என்றாலும் வனத்துறையில் கேட்காமல் கோடாலி வைக்காதீர்கள்.

அடுத்தது மரம். 1843 வாக்கில் ஊட்டிக்கு வந்த கற்பூர மரம் இந்த மலையை விறகுக்கு அலையாமல் காப்பாற்றியது, அதற்கு நன்றி. ஆனால் பச்சையாக அறுத்துத் தரையில் போட்டால் முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். சில்வர் ஓக்கை இங்கே பெட்டி, பலகை என்று எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். மருந்து ஏற்றாவிட்டால் பொடிவண்டு மாவாக்கிவிடும். காற்றும் மருந்தும் இல்லாத இடத்தில் சட்டமாகப் போடத் தகுந்தது அல்ல.

நான் சொல்வது: பழைய மரம் வாங்குங்கள். இடித்த வீட்டுத் தேக்கு நன்றாக ஆறியிருக்கும், இனி சுருங்காது, முறுக்காது. பழைய மரம் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஒருமுறை போய் அண்ணாந்து பாருங்கள். 1829-ல் அடிக்கல் போட்ட அந்தக் கோயிலின் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுத்து மலையேற்றியவை. ரயில் இல்லை, லாரி இல்லை. அந்த மரம் இன்னும் நிற்கிறது.

வாங்கும்போது ஒன்று: பழைய துளைகளில் புது மாவு கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டையை மட்டும் தள்ளிவிடுங்கள்.

மரத்தரை எல்லாம் பங்களாக்காரர்களுக்கு. எங்களுடையது சிமெண்டுத் தரை. வீட்டின் கீழ்ப்பக்க ரூமில் மட்டும் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. ஏன் அந்த ரூம் மட்டும்?
(வாசகர், அரவேணு)

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்திருக்கிறீர்கள்: கீழ்ப்பக்கம். இந்தச் சரிவில் வீடு கட்டுகிறவர்கள் மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தில் கொட்டி மட்டம் பண்ணுகிறார்கள். வீட்டில் பாதி வெட்டிய கெட்டி மண் மேல், மீதிப் பாதி கொட்டிய மண் மேல். கொட்டிய மண் மழைக்கு மழை அமுங்கும். சுவருக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போயிருப்பதால் அது நிற்கிறது. தரைக்கு அப்படி ஒன்றுமில்லை, அது இறங்குகிறது.

இரும்புக் கம்பியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டி இடம் 'டக்'கென்னும், வெற்றிடம் 'டொம்'மென்னும். டொம் கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஒரு வரிசையாக நீண்டால் அது பெருச்சாளி வளையாகவோ, ஒழுகும் குழாய் மண்ணைக் கரைத்த பாதையாகவோ இருக்கும். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது? மேல்வீட்டுக்காரரின் கழிவுக்குழி எத்தனை அடி தள்ளி?

நம் கோத்தகிரிப் பக்கத்துக்குக் கார்த்திகை மழைதான் பெரிய மழை. கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுகிறது. அந்த மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி உங்கள் வீட்டின் பின்சுவரில் தேங்கினால், அதற்கு ஒரே வழி உங்கள் தரைக்கு அடியில்தான். ஆகவே தரையில் கை வைப்பதற்கு முன்னால் வீட்டின் மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சுற்றிவந்து பக்கவாட்டில் வெளியேறும்படி, சரிவோடு, சிமெண்டு பூசி. பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் விடாமல் பொது ஓடைக்குப் போகும்படி. இந்த வாய்க்கால் இல்லாமல் எத்தனை தரை போட்டாலும் அது தற்காலிகத் தரைதான். எனக்கு வருகிற பத்துக் கேள்விகளில் எட்டுக்கு இதுவே பதில் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு தரை. இறங்கிய பகுதியை உடைத்து எடுங்கள். மேலேயே கலவை ஊற்றி மட்டம் பண்ணினால் பாரம் கூடி இன்னும் வேகமாக இறங்கும். தளர்ந்த மண்ணை வெளியே எடுத்து, அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடியுங்கள். இரண்டு அடியை மொத்தமாகக் கொட்டி மேலே இடித்தால் மேல் அரை அடிதான் கெட்டியாகும். அதன் மேல் உடைகல் சோலிங். அதன் மேல் ஓட்டையில்லாத கனமான பாலிதீன் ஷீட், சுவரோரம் மடித்து ஏற்றி. அதன் மேல் நாலு அங்குலம் கான்கிரீட். ஒன்று-நாலு-எட்டு கலவை போதும். கொத்தனார் "இவ்வளவு இடிக்கணுமாங்க?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நில்லுங்கள்.

தரையோடு சேர்ந்து சுவரிலும் குறுக்கு விரிசல். முன்கதவு ஒரு மாதமாகச் சாத்த வரவில்லை. எந்தச் சிமெண்டு நல்லது?
(வாசகர், கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலை)

சிமெண்டை நிறுத்துங்கள் ஐயா. தரை, சுவர், கதவு மூன்றும் ஒரே நேரத்தில் பேசினால் வீடு இறங்கவில்லை. வீடு நிற்கிற மண் நகர்கிறது. வெளியே போய்ப் பாருங்கள். வேலிக் கம்பங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? கொல்லையில் பிறை வடிவத்தில் மண் வெடித்திருக்கிறதா? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா? கசிகிற தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், மழை நாளில் அந்த வீட்டில் படுக்காதீர்கள்.

2009 நவம்பரை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. சில நாள் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கமெல்லாம் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பாறை மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய மண் உட்கார்ந்திருக்கிற மலை இது. தண்ணீர் ஏறினால் மண் தன் பாரத்தைத் தானே தாங்காது.

விரிசலின் இரண்டு கரையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் கலவையால் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் நகர்வு நிற்கவில்லை என்று அர்த்தம். மாவட்ட அவசர எண் 1077. பஞ்சாயத்திலும் வருவாய்த் துறையிலும் எழுதிக் கொடுத்து, கட்டடப் பொறியாளரை வரவழையுங்கள். தடுப்புச்சுவர் கட்டுவதாக இருந்தாலும் நீங்களாகப் பொக்லைனைக் கூப்பிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சரிவின் அடியைத் தோண்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. தரை ஆறு மாதம் காத்திருக்கட்டும். பதில் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரிய மனெ (வீடு). பால் வைக்கும் ஹாகோட்டில் தரை குழிந்துவிட்டது. கொத்தனாரை உள்ளே விடலாமா என்று வீட்டில் வாக்குவாதம்.
(வாசகர், கோத்தகிரி அருகே)

அந்த வாக்குவாதத்தில் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஹாகோட்டு வெறும் அறையல்ல. ஊர்ப் பெரியவர்களிடம் முறை கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மண்ணும் சாணமும் மெழுகிய தரை குழிந்தால் சிமெண்டு வேண்டாம். மண்தரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை மறித்தால் ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறும். அதே மண்ணைச் சலித்து, பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகத் தட்டி, காயவிட்டு மெழுகுங்கள். இது வீட்டு ஆட்களே செய்யக்கூடிய வேலை. உங்கள் வீட்டில் மூத்த அம்மா யாராவது இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சிவப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. எத்தனை தேய்த்தாலும் மறுநாள் வருகிறது.
(வாசகி, ஜக்கனாரை)

அழுக்கல்ல, உப்பு. தரைக்குள் ஏறிவரும் தண்ணீர் உப்பை மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் பதியுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஈரம் கீழிருந்து வருகிறது. மறுபடி வாய்க்காலுக்கே போங்கள்.

விரிசலை அடைக்கும்போது நிறம் ஒத்துவர வேண்டுமென்று சிவப்புப் பொடியை அள்ளிப் போடாதீர்கள். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கலவைக்குப் பலம் போய்விடும். ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்யும். தெரியட்டுமே. ஐம்பது வருஷம் பாதங்கள் தேய்த்த அந்தப் பளபளப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதை உடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எஸ்டேட் லைன் வீடு. தரை பெயர்ந்து குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள். நாங்களே சொந்தச் செலவில் போட்டுக்கொள்ள வேண்டுமா?
(தோட்டத் தொழிலாளி, குன்னூர் பக்கம்)

உங்கள் செலவில் இல்லை அம்மா. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொடங்கி, தொழிலாளிக்கு வீடு கொடுப்பதும் அதைப் பழுதுபார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை என்றே சட்டம் சொல்லி வருகிறது. போனில் படம் எடுங்கள். அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பையோ அளவுகோலையோ வையுங்கள், குழியின் ஆழம் தெரியும். மேனேஜருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அசைவில்லையென்றால் நகலோடு தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் போங்கள். தனியாகப் போகாமல் லைனில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள்.

அதுவரை குழியில் மண்ணைக் கொட்டாதீர்கள். மழையில் சேறாகி வழுக்கும். உடைகல்லைப் பரப்பி, அதன் மேல் பழைய கடப்பாக்கல் ஒன்றைப் பதியுங்கள்.

செல் பிடித்திருக்கிறது. மருந்தடிக்கிறவர் தரை முழுக்கத் துளை போட வேண்டும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?
(வாசகர், அரவேணு)

இல்லை, வேலை தெரிந்தவர். கட்டி முடித்த வீட்டுக்குக் கரையான் மருந்து எப்படி வைப்பது என்று ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியிலேயே இருக்கிறது: தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை, அதில் மருந்து, பிறகு அடைப்பு. துளை போடாமல் மேலே மட்டும் தெளிக்கிறவர்தான் உங்களை ஏமாற்றுகிறார்.

ஆனால் கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் சரிவில் உங்கள் வீட்டு மருந்து கீழ்வீட்டுக் குடிநீரில் போய் இறங்கும். இன்னொரு கேள்வி: தரைக்கடியில் விறகு அடுக்கி வைத்திருக்கிறீர்களா? பாதி வீடுகளில் வைத்திருக்கிறார்கள். செல்லுக்கு இலை போட்டுச் சாப்பாடு வைத்த மாதிரி. முதலில் அதை எடுங்கள்.

ஹெத்தை ஹப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் தரையை முடித்துவிட முடியுமா?
(வாசகி, கோத்தகிரி)

முடியாது தாயி. அவசரப்பட்டால் பண்டிகைக்குத் தரை இருக்கும், அடுத்த பண்டிகைக்கு இருக்காது. கார்த்திகை ஈரத்தில் மண் இடிபடாது, மரம் காயாது, குளிரில் சிமெண்டும் மெதுவாகத்தான் இறுகும். மாசி, பங்குனிதான் தரை வேலைக்கு மாதம். இப்போதைக்குத் தொய்ந்த இடத்தின் அடியில் இரண்டு கெட்டி முட்டுக் கொடுத்து, பீரோவையும் கட்டிலையும் சுவரோரத்துக்கு நகர்த்துங்கள். வருகிறவர்களை இரண்டு அறையில் பிரித்து உட்கார வையுங்கள். ஒரே அறையில் நாற்பது பேர் ஆட வேண்டாம். ஆட்டம் வாசலில் இருக்கட்டும்.

மகன் வெளிநாட்டில். "பழசை இடிச்சுட்டு கான்கிரீட் வீடா கட்டிரலாம்" என்கிறான். எனக்கு மனமில்லை. என்ன சொல்லிப் புரிய வைப்பது?
(வாசகி, அரவேணு)

சொல்ல வேண்டாம், ஊருக்கு வரும்போது கன்னேரிமுக்குக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில்தான். கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா. பாழடைந்து கிடந்ததை மீட்டெடுத்தார்கள். இன்று அதில் நீலகிரி ஆவண மையம் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வீட்டுக்கே உயிர் கொடுக்க முடிந்தால், உங்கள் ஹாலில் ஆறு சட்டம் மாற்ற முடியாதா?

பிறகு கணக்கைக் காட்டுங்கள். இடித்துக் கட்டினால் மலைப்பகுதிக் கட்டட விதிகள், உயரக் கட்டுப்பாடு, வரைபட அனுமதி எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒன்றரை அடிக் கல்சுவர் மறுபடி கிடைக்காது. ஜனவரிக் குளிரில் அதன் அருமை தெரியும். அப்படியும் மண்ணே நகர்கிற இடமென்றால் உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அதைப் பொறியாளர் சொல்லட்டும், பாசமோ கோபமோ சொல்ல வேண்டாம்.

எங்க பாட்டி வீட்டுத் தரையில கோலிக்குண்டு வெச்சா தானா ஓடுது. எனக்கு ஜாலியா இருக்கு. பாட்டி மட்டும் கவலைப்படறாங்க.
(எட்டாம் வகுப்பு மாணவி, அரவேணு)

நல்ல கருவி கையில் வைத்திருக்கிறாய் கண்ணு. கதவோரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வை. அங்கிருந்து குண்டை விட்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது, எதிர்ச்சுவரைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுது. தேதி போடு. மழை முடிந்ததும் அதே புள்ளியிலிருந்து மறுபடி மூன்று தடவை. நொடி குறைந்திருந்தால் சரிவு கூடியிருக்கிறது. இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்பு. குண்டு போய் நிற்கிற மூலையில் பாட்டியின் கட்டில் இருந்தால், இன்றைக்கே அப்பாவிடம் சொல்லி கதவுப் பக்கச் சுவருக்கு மாற்றிவிடு.